குழந்தைகளுக்காகப் பேசுவதும் ஒரு வேலைதான். ஆனால் எப்படிப் பேசுகிறோம்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக இருக்கும்போது படியுங்கள்.

சென்ற வாரம், குழந்தை உரிமைகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் "பரப்புரை மற்றும் தகவல் தொடர்பு" பணிக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பகிர்ந்திருந்தேன். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் பட்டம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் பகிர்ந்தேன். அதன் கீழே ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "போட்டோ எடுத்து பேஸ்புக்கில் போடுவதற்குச் சம்பளமா சார்? அந்தப் பணத்தில் நாலு பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாமே?"

நண்பர் கோபத்தில் கேட்கவில்லை. நியாயமான சந்தேகம்தான். நம்மில் பலருக்கும் இது உண்டு. இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அதனால் இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்காகப் பேசுவது, எழுதுவது, அரசின் கதவைத் தட்டுவது எல்லாம் நோட்டுப் புத்தகம் கொடுப்பதைவிடக் குறைந்த வேலை அல்ல. பல நேரம் அதைவிடப் பெரிய வேலை. ஆனால் அந்த நண்பருக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்ததற்குக் காரணமும் இருக்கிறது. குழந்தையின் கண்ணீரைக் காட்டுவதுதான் குழந்தைக்காகப் பேசுவது என்று நாம் நினைத்துக்கொண்டுவிட்டோம். நாம் என்றால் தொண்டு நிறுவனங்கள், பத்திரிகைகள், ஆசிரியர்கள், செல்போன் வைத்திருக்கும் எல்லோரும்தான்.

முதலில், ஏன் இது வேலை என்று சொல்கிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து இடைநிலை ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தது 1980-களில். விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்கள். வருகைப் பதிவேட்டில் நாற்பது பெயர் இருக்கும், வகுப்பில் இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டால் பிள்ளைகளே சொல்லும்: "தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டாங்க சார்." விடியும் முன்னே பஸ் வரும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையை எழுப்பி, தூக்குவாளியில் பழையதைப் போட்டு ஏற்றிவிடுவார்கள். குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் "பிஞ்சு விரல்தான் வாகு" என்று பெரியவர்களே சொன்ன காலம் அது. யாரும் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வயிற்றுப்பாடு என்றுதான் சொன்னார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்ட எங்களையும், "சம்பளம் வாங்குற வாத்தியாருக்கு எங்க கஷ்டம் என்ன தெரியும்" என்று திருப்பி அனுப்பினார்கள். அதிலும் நியாயம் இருந்தது.

இது எப்படி மாறியது? ஒரே காரணம் சொன்னால் பொய்யாகிவிடும். 1982-இல் வந்த சத்துணவுத் திட்டம் ஒரு காரணம். அறிவொளி இயக்கம் ஒரு காரணம். குழந்தைத் தொழிலாளர்களுக்கான சிறப்புப் பள்ளிகள், பெண்களின் சுயஉதவிக் குழுக்கள், ஆலைகளுக்குள் வந்த இயந்திரங்கள் எல்லாமே காரணங்கள். ஆனால் இத்தனைக்கும் நடுவில் ஒரு சொல் மாறியது. "வயிற்றுப்பாடு" என்றிருந்தது "சட்டமீறல்" ஆனது. அந்தச் சொல்லை மாற்றியவர்கள் பேசியவர்கள், எழுதியவர்கள், வழக்குப் போட்டவர்கள், படம் எடுத்தவர்கள். 1990-இல் சலம் பென்னூர்கர் "குட்டி ஜப்பானின் குழந்தைகள்" என்று சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தமிழ்நாட்டு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் மறுவாழ்வு நிதிக்குக் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லையென்றால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தத் தீர்ப்பு சொன்னபடியே எல்லா இடத்திலும் நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றபோது எங்கள் குரலுக்கு ஒரு பலம் இருந்தது. முன்பு கெஞ்சினோம். பிறகு எடுத்துச் சொன்னோம்.

நாலு பிள்ளைக்கு நோட்டு வாங்கிக் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் நோட்டு வாங்கிக் கொடுத்த பிள்ளையை அடுத்த நாள் விடியற்காலையில் பஸ் ஏற்றிவிட்டால் அந்த நோட்டு என்ன செய்யும்? அந்த பஸ்ஸை நிறுத்துவதற்கு வேறு விதமான ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்களுக்கும் சாப்பாடு வேண்டும், சம்பளம் வேண்டும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இந்த வேலையின் வரலாற்றில் ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் உலகப் போர் முடிந்த நேரம். பிரிட்டனும் கூட்டாளி நாடுகளும் ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் உணவுக் கப்பல்களைப் போகவிடாமல் தடுத்து வைத்திருந்தன. அங்கே குழந்தைகள் பட்டினியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்கள். எக்லண்டைன் ஜெப் என்ற ஆங்கிலப் பெண், அவரும் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தவர்தான், 1919-இல் லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் நின்று துண்டறிக்கை கொடுத்தார். பட்டினிக் குழந்தையின் படம் போட்ட அறிக்கை. அனுமதி பெறாமல் அச்சடித்தார் என்று கைது செய்து 5 பவுண்டு அபராதம் போட்டார்கள். அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞரே அந்த 5 பவுண்டைத் தன் கையிலிருந்து கொடுத்தார் என்பது வரலாறு. அந்த ஆண்டுதான் "சேவ் தி சில்ட்ரன்" தொடங்கியது. குழந்தை உரிமைகள் குறித்து அவர் எழுதிய வரைவைத்தான் 1924-இல் உலக நாடுகள் சங்கம் ஜெனீவா பிரகடனமாக ஏற்றுக்கொண்டது. அந்த வழியில் வந்ததுதான் 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை. 1992-இல் இந்தியாவும் அதில் இணைந்தது.

"பார்த்தீர்களா, அவரும் குழந்தையின் படத்தைத்தானே காட்டினார்" என்று நீங்கள் கேட்கலாம். காட்டினார். ஆனால் அந்தப் படத்தோடு அவர் என்ன சொன்னார் என்று பாருங்கள். இதற்குக் காரணம் நம் நாடு போட்டிருக்கும் தடை என்று சொன்னார். "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை. யார் செய்தது என்று சொன்னார். அதனால்தான் கைது செய்தார்கள். பரிதாபப்படுவதற்காக யாரும் யாரையும் கைது செய்வதில்லை.

இன்று நம் கண்ணில் படும் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிழிந்த சட்டை, மூக்கு ஒழுகும் முகம், பெரிய கண்கள். கீழே வங்கிக் கணக்கு எண். அந்தச் சட்டை ஏன் கிழிந்தது? அந்த ஊர் அங்கன்வாடி ஏன் பூட்டிக் கிடக்கிறது? அப்பாவுக்கு நூறு நாள் வேலைக் கூலி ஏன் வரவில்லை? அந்த ஊருக்குப் பள்ளி நேரத்தில் பஸ் ஏன் இல்லை? ஒரு வார்த்தை இருக்காது. காரணத்தை விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் காட்டினால், பார்க்கிறவர் நூறு ரூபாய் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார். குழந்தை அங்கேயே இருக்கும். என் நண்பரின் சந்தேகம் இங்கேதான் பிறக்கிறது. அவரைக் குறை சொல்ல முடியாது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பலருக்கும் தெரியாததால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தை, சட்டத்துக்கு முரண்பட்டதாகச் சொல்லப்படும் குழந்தை, குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சியான குழந்தை ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி, படம், அடையாளம் தெரியக்கூடிய வேறு எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகைக்கு மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். மற்ற எல்லாத் தகவல் தொடர்பு வடிவங்களையும் சேர்த்தே அந்தப் பிரிவு சொல்கிறது. நம் ஊர் வாட்ஸ்அப் குழு அதற்கு வெளியே இல்லை.

போக்சோ சட்டம் 2012, பிரிவு 23. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. குழந்தை இறந்துபோயிருந்தாலும் அடையாளத்தைச் சொல்லக் கூடாது. அதே 2018-இல் காஷ்மீரின் கதுவா சம்பவத்தில் குழந்தையின் பெயரையும் படத்தையும் வெளியிட்ட 12 ஊடக நிறுவனங்கள் தலா 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்கள் எல்லோரும் குழந்தைக்கு நீதி கேட்டுத்தான் வெளியிட்டார்கள். நோக்கம் நல்லதாக இருந்தால் போதாது என்பதைத்தான் நீதிமன்றம் சொன்னது.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது? நான் அறிந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் புரியும். ஊர், ஆண்டு, அமைப்பின் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை.

ஒன்பதாம் வகுப்புப் படித்த ஒரு பெண். தம்பி எங்கள் பள்ளியில் படித்தான். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்து, பந்தக்கால்கூட நட்டுவிட்டார்கள். யாரோ 1098-க்குத் தகவல் சொன்னார்கள். அதிகாரிகள் முந்தின நாள் இரவே வந்து நிறுத்தினார்கள். பெற்றோரிடம் எழுதி வாங்கினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. மறுநாள் காலை, அந்த வேலையில் உடன் இருந்த ஓர் அமைப்பின் பக்கத்தில் படம் வந்தது. "இன்னொரு குழந்தைத் திருமணம் தடுக்கப்பட்டது" என்று தலைப்பு. பெண்ணின் கண்ணை மட்டும் மறைத்திருந்தார்கள். பள்ளிச் சீருடை தெரிந்தது. பின்னால் ஊர் ஆர்ச் தெரிந்தது. பக்கத்தில் தலைகுனிந்து நின்ற அப்பாவின் முகம் முழுசாகத் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லா போனிலும் அந்தப் படம்.

ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்த பெண்ணை மற்ற பிள்ளைகள் "கல்யாணப் பொண்ணு" என்று கூப்பிட்டார்கள். பத்து நாள் வந்தாள். அப்புறம் வரவில்லை. திருப்பூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே பனியன் கம்பெனிக்குப் போகிறாள் என்று தம்பி சொன்னான். கல்யாணம் நின்றது. படிப்பும் நின்றது.

கதை அத்தோடு முடியவில்லை. அந்த ஊரில் அடுத்த ஆண்டு இன்னொரு பெண்ணுக்கு அதேபோலப் பேசினார்கள். அவளுடைய தோழிகளிடம், "ஏம்மா, 1098-க்கு ஒரு போன் போட்டிருக்கலாமே" என்று பிறகு கேட்டேன். ஒருத்தி சொன்னாள்: "போன் பண்ணா போட்டோ புடிச்சுப் போட்டுருவாங்க சார்."

நண்பர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1996-இல் மும்பையில் தொடங்கி, இத்தனை ஆண்டு இத்தனை பேர் உழைத்து ஊர் ஊராகச் சுவரில் எழுதிக் கொண்டுவந்த ஒரு எண். அந்த எண்ணின் மேல் ஒரு கிராமத்துப் பெண்களுக்கு இருந்த நம்பிக்கையை ஒரே ஒரு படம் அழித்துவிட்டது. அந்தப் படத்துக்கு எத்தனை லைக் வந்ததோ தெரியாது. அதன் விலை இது.

அடுத்தது, சொற்கள். தமிழ் ஆசிரியர்கள் என்னை மன்னிக்கட்டும், அவர்கள் பேச வேண்டியதை நான் பேசுகிறேன்.

நம் செய்தித்தாள்களில் பல காலமாக ஒரு வாக்கியம் வரும். "சிறுமியிடம் ஆசை வார்த்தை கூறி உல்லாசமாக இருந்தார்." உல்லாசம் என்றால் என்ன பொருள்? சுற்றுலா போவதுதானே உல்லாசம்? ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையை, செய்தவனின் பக்கத்திலிருந்து பார்த்து எழுதிய சொல் அது. "சில்மிஷம்" என்று இன்னொரு சொல். குறும்பு மாதிரி ஒலிக்கிறது. "கற்பழிப்பு" என்ற சொல் இன்னும் மோசம். குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, இழந்தது அவள் என்று தீர்ப்பே எழுதிவிடுகிறது. "பாலியல் வன்முறை" என்ற சொல் இப்போது பரவியிருக்கிறது என்றால், பெண்கள் இயக்கங்களும் குழந்தை உரிமைக்காரர்களும் ஆசிரியர் குழுக்களிடம் விடாமல் சண்டை போட்டதுதான் காரணம். இதுவும் தகவல் தொடர்பு வேலைதான். போட்டோ எடுப்பது மட்டும் அல்ல.

நம் துறையிலும் இருக்கிறது. "இடைநின்ற மாணவர்" என்று பதிவேட்டில் எழுதுகிறோம். பஸ்ஸில் போகும்போது தானாக இறங்கிவிட்ட மாதிரி. பெரும்பாலான பிள்ளைகள் நிற்கவில்லை, நிறுத்தப்பட்டார்கள். கடனால், நோயால், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், சாதியைச் சொல்லி ஒருவர் பேசிய ஒரு சொல்லால், சில நேரம் நம் பிரம்பால். எது என்று எழுதினால்தான் எதைச் சரிசெய்வது என்று தெரியும்.

விழிப்புணர்வுச் சுவரொட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரம்ப சுகாதார நிலையத்தில், "குழந்தைத் திருமணம் ஒரு சமூகத் தீமை, அதனை வேரறுப்போம்" என்று எழுதியிருக்கும். படிக்கிற தாய்க்கு அதில் என்ன தகவல் கிடைக்கிறது? "பொண்ணுக்கு 18 வயசு ஆகும் முன்னால கல்யாணம் செஞ்சு வச்சா அப்பா, மாப்பிள்ளை, நடத்தி வச்சவங்க எல்லாருக்கும் 2 வருசம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம். சந்தேகம்னா 1098-க்குப் போன் பண்ணுங்க, காசு கிடையாது, பேரைச் சொல்ல வேண்டியதில்லை" என்று எழுதினால் அவளுக்குப் புரியும். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது அதுதான். இதை இவ்வளவு எளிமையாக எழுத ஒருவருக்குச் சட்டமும் தெரிய வேண்டும், ஊர்ப் பேச்சும் தெரிய வேண்டும். அப்படிப்பட்டவருக்குச் சம்பளம் கொடுப்பது வீண் செலவா?

தப்பாகப் பேசினால் உயிரே போகும் என்பதற்கும் நம் மாநிலத்தில் சாட்சி இருக்கிறது. 2018-இல் "குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது, உஷார்" என்று வாட்ஸ்அப்பில் பரவியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன ஒரு குடும்பம் வழியில் காரை நிறுத்தியது. அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் 65 வயது மூதாட்டி ஒருவர். கடத்தல்காரி என்று சந்தேகப்பட்டு ஊரே கூடி அடித்தது. அவர் இறந்துபோனார். அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்மீது அக்கறை உள்ளவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அக்கறையோடு சரிபார்ப்பும் வேண்டும். காணாமல்போன குழந்தையின் படம் வந்தாலும் அப்படித்தான். எந்தக் காவல் நிலையம், எந்தத் தேதி என்று பாருங்கள். குழந்தை கிடைத்த பிறகும் பல ஆண்டு அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வளர்ந்து பெரியவளான பிறகும் அது அவளைத் துரத்தும்.

சரி, எதிர்த்தரப்பு வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யும் சிலரிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் சொல்வது இது: "சார், நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் முகம் இல்லாமல் பணம் வராது. புள்ளிவிவரத்துக்கு யாரும் நன்கொடை கொடுப்பதில்லை. பணம் வராவிட்டால் விடுதியை மூட வேண்டும். அப்போது அந்தக் குழந்தை எங்கே போகும்?"

இது வெறும் சாக்கு அல்ல. உண்மையான நெருக்கடி. மனிதர்கள் ஒரு முகத்தைப் பார்த்தால்தான் இரங்குகிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் என் பதில் இதுதான். உங்கள் சொந்த மகன் பசியில் அழும் படத்தை அந்த நன்கொடைக்காக விளம்பரத்தில் போடுவீர்களா? போட மாட்டீர்கள் என்றால், அடுத்தவர் பிள்ளைக்கும் அதே அளவுகோல்தான். ஏழைக்கு மானம் கிடையாது என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. ஐ.நா. உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு குழந்தையின் அந்தரங்கத்துக்கும் நற்பெயருக்கும் பாதுகாப்புத் தருகிறது. பணக்காரக் குழந்தைக்கு மட்டும் என்று அதில் இல்லை.

வழியும் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் முதுகைக் காட்டலாம். ஒரு குழந்தை வரைந்த படத்தைக் காட்டலாம். பெயரை மாற்றி, ஊரை மாற்றி, மாற்றியிருக்கிறோம் என்று சொல்லி, கதையை எழுதலாம். வளர்ந்து ஆளாகி, தானே விரும்பிப் பேச வருபவரைப் பேச வைக்கலாம். சிரித்துக்கொண்டு விளையாடும் பிள்ளையைக் காட்டினாலும் நன்கொடை வரும். கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான்.

இந்த வேலைக்குப் போக நினைக்கும் என் பிள்ளைகளுக்கு, ஒரு கிழட்டு வாத்தியாராகச் சில வார்த்தைகள்.

1. முதலில் சட்டத்தைப் படியுங்கள். கல்வி உரிமைச் சட்டம், போக்சோ, சிறார் நீதிச் சட்டம், குழந்தைத் தொழிலாளர் சட்டம் நான்கும் அத்துப்படியாக இருக்க வேண்டும். 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழே எல்லா வேலைக்கும் தடை போட்டது. ஆனால் பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்தும் விட்டது. வீட்டுக்குள் நடக்கும் வேலையை யார் போய்ப் பார்ப்பது? இன்று பேச வேண்டிய விஷயம் அங்கே இருக்கிறது.

2. குழந்தையிடம் கேளுங்கள். உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, குழந்தையைப் பாதிக்கும் விஷயத்தில் அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. படம் எங்கே வரும், யார் பார்ப்பார்கள், பிறகு வேண்டாம் என்று தோன்றினால் எடுத்துவிடுவார்களா என்பதைக் குழந்தைக்குப் புரியும்படி சொல்லுங்கள். "வேண்டாம்" என்றால் கேமராவை மூடுங்கள். அரிசி கொடுத்த கையோடு "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா" என்று கேட்பது சம்மதம் கேட்பது ஆகாது. அங்கே யாரால் முடியாது என்று சொல்ல முடியும்?

3. குழந்தையை முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் பின்னால் நிற்காதீர்கள். பாகிஸ்தானில் கம்பளத் தறியில் கொத்தடிமையாக இருந்து தப்பிய இக்பால் மசி, குழந்தைத் தொழிலுக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினான். வெளிநாடு போய் விருது வாங்கினான். 1995 ஏப்ரலில் சொந்த ஊர்ப் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டான். கொன்றது யார், எதற்காக என்பதில் இன்றும் சர்ச்சை இருக்கிறது. ஆனால் அந்த வயதுப் பையன் ஒருவன் ஒரு போராட்டத்தின் முகமாக இருந்தான் என்பதில் சர்ச்சை இல்லை. குழந்தையின் குரல் கேட்கப்பட வேண்டும். அடியைப் பெரியவர்கள் வாங்க வேண்டும்.

4. பாதி வேலை ஊரில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தாய்மார்களைப் பேச வையுங்கள். கிராம சபையில் தீர்மானம் எழுதக் கற்றுக்கொடுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே இருக்கிறது, குழந்தைகள் நலக் குழு என்ன செய்யும் என்று சொல்லிக்கொடுங்கள். ஒரு நல்ல மனு ஆயிரம் லைக்குக்குச் சமம்.

5. படம் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் குழந்தை பள்ளியில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். ஆண்டறிக்கையில் "எத்தனை பேரை மீட்டோம்" என்று எழுதுகிறீர்கள். "மீட்ட பிறகு எத்தனை பேர் படிக்கிறார்கள்" என்றும் எழுதுங்கள்.

கடைசியாக, பணியில் இருக்கும் ஆசிரியத் தோழர்களுக்கு.

ஜூன் மாதம் வந்தால் நம் பக்கங்கள் நிறையப் படங்கள். நன்கொடையாளர் நடுவில் நிற்பார். நோட்டின் ஒரு முனை அவர் கையில், மறு முனை பிள்ளையின் கையில். பிள்ளை கேமராவைப் பார்க்கும்வரை நோட்டை விடமாட்டார். அந்தப் பிள்ளை பத்து ஆண்டு கழித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, அந்தப் படம் அங்கேயே இருக்கும். நன்கொடையாளருக்குப் படம் வேண்டுமென்றால் அடுக்கி வைத்த நோட்டுகளை எடுத்து அனுப்புங்கள். நன்றிக் கடிதம் எழுதுங்கள், பிள்ளைகளையே எழுத வையுங்கள். மொழிப்பாடமும் ஆயிற்று. வாய்ப்பாடு தப்பாகச் சொல்லும் பிள்ளையை வீடியோ எடுத்துச் சிரிப்புக் குறி போட்டுப் பகிர்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். வகுப்பறை அந்தப் பிள்ளை தப்புச் செய்வதற்கான இடம். அங்கே தப்புச் செய்ய பயந்தால் வேறு எங்கே போய்க் கற்றுக்கொள்ளும்?

போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டியது நம் கடமை. சொல்லாமல் மறைத்தால் நமக்கே தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், "சரி, கெடட்டும்" என்று சொல்லுங்கள். முகநூலில் எழுத வேண்டாம். 1098-க்குச் சொல்லுங்கள், காவல்துறைக்குச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தப் பதிவு முழுவதும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு என் நன்றி. குழந்தைக்காகப் பேசச் சம்பளம் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சம்பளம் வாங்குபவர் காட்ட வேண்டியது குழந்தையின் முகத்தை அல்ல, அந்தக் குழந்தையை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர்களின் முகத்தை.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் தங்கள் சிரமங்களையும் எழுதினால் எல்லோருக்கும் பயன்படும். ஒரே வேண்டுகோள். உதாரணம் சொல்வதாக நினைத்து எந்தக் குழந்தையின் படத்தையும் கருத்துப் பகுதியில் போட வேண்டாம்.